மிக்சியை விடச் சின்ன மோட்டார்

வீட்டில் செய்த மின்சார சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனால் சிக்னலில் பக்கத்தில் நிற்பவர் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுகிறார். கேள்விகளின் வரிசைகூட மாறுவதில்லை. எவ்வளவு வேகம் போகும், ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆச்சு. முதல் கேள்விக்கு "இருபத்தஞ்சுங்க" என்று சொன்னதுமே முகத்தில் பாதி ஆர்வம் வடிந்துவிடும். மூன்றாவதற்குப் பதில் வந்ததும், இந்தக் காசுக்குப் பழைய மொபெட் ஒன்றே வாங்கியிருக்கலாமே என்ற யோசனை தவறாமல் வரும். இதெல்லாம் பச்சை விளக்கு விழும்வரை பேசி மறக்கிற பேச்சு. மறக்க முடியாமல் போனது என் நண்பன் ஒருவன் சொன்னதுதான். "எங்க வீட்டு மிக்சியே 750 வாட்ஸ்டா. நீ 250 வாட்ஸ்ல என்னத்த ஓட்டப் போற?"

அப்போது நான் மோட்டார் வாங்கியிருக்கவில்லை. சாதாரண சைக்கிளில் மோட்டார் மாட்டுவதற்கான 1000 வாட் கிட் ஒன்றும் 250 வாட் கிட் ஒன்றும் பிரவுசரில் இரண்டு டேப்களில் திறந்தே கிடந்தன. விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. யூடியூபைத் திறந்தால் வீட்டில் செய்த சைக்கிளில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவர்களே கண்ணில் படுகிறார்கள். அவன் கேட்டது சட்டென்று பதில் சொல்லக்கூடிய கேள்விதான், ஆனால் என்னிடம் பதில் இல்லை. சட்டம் 250 வாட்டுக்கு மேல் விடாது என்று சொல்லியிருக்கலாம். சட்டத்தைக் காட்டி வாதத்தை முடிப்பவன் உள்ளுக்குள் தோற்றவன் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

மிக்சி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். மிக்சியில் எழுதியிருக்கும் 750 என்பது சட்னி அரைக்கும் சில நிமிடங்களுக்கான கணக்கு. அரை மணி நேரம் விடாமல் ஓட்டினால் அடுப்படியில் கருகல் வாடை வரும். சைக்கிள் மோட்டாருக்குச் சட்டம் சொல்லும் 250 வாட் வேறு மாதிரிக் கணக்கு. அரை மணி நேரம் விடாமல் கொடுக்கக்கூடிய திறன் அது. புறப்படும்போதும் மேட்டிலும் அதே மோட்டார் 36 வோல்ட் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் இழுத்தால் 540 வாட் ஆகிவிடும், கொஞ்ச நேரத்துக்கு. ஆக ஒப்பீடே சரியில்லை என்று அவனுக்கு ஒரு நீண்ட மெசேஜ் அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்பினான்.

ஆனால் எனக்கு உறுத்தியது வேறு. 250 போதுமா என்று கேட்டால், எதற்குப் போதும் என்ற கேள்வி பின்னாலேயே வருகிறது. நம்மைப் போன்ற சாதாரண ஆள் மூச்சு வாங்காமல் தொடர்ந்து மிதித்தால் 75 வாட், கொஞ்சம் முக்கினால் 100. சைக்கிள் என்ற வண்டியின் சட்டம் (ஃபிரேம்), அச்சு, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், பிரேக் எல்லாமே இந்த 75 வாட் ஆளை மனத்தில் வைத்து நூறு வருஷத்துக்கு மேலாகத் தேய்ந்து தேய்ந்து உருவானவை. அதில் 250 வாட்டைச் சேர்த்தால் கூடவே இன்னும் மூன்று பேர் மிதிப்பது போல. 1000 வாட்டைச் சேர்த்தால் பதின்மூன்று பேர்.

காற்று சொன்ன கணக்கு

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வேகமாகப் போனால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேகமாகப் போக வேண்டியதில்லை. ஆனி ஆடியில் சாதாரண சைக்கிளை எடுத்துக்கொண்டு பேரூர்ப் பக்கம் மேற்கே மிதித்தால் போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். போகும்போது உயிர் போய்விடும், திரும்பும்போது மிதிக்கவே வேண்டாம். சின்ன வயதிலிருந்து பழகிய விஷயம்தான், ஆனால் ஒருநாளும் அதைக் கணக்காகப் பார்த்ததில்லை.

போட்டுப் பார்த்தேன். ஆளும் வண்டியுமாக 100 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள், சமதளம். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 115 வாட் வேண்டும். 25-க்கு 185 வாட். 45-க்கு 800 வாட். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, திறன் நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. காரணம் காற்றுதான். அதன் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். அதைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான திறன் வேகத்தின் கனமாகக் கூடும். இப்போது ஆடிக் காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, நாம் போவது 20. முகத்தில் அடிக்கும் காற்று 45. அந்த 115 வாட் அப்படியே 350-ஐத் தாண்டுகிறது. பேரூர் ரோட்டில் நாக்குத் தள்ளியதற்கு இதுதான் விஷயம்.

இந்த 350 என்ற எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. காலிலிருந்து 75 முதல் 100, மோட்டாரிலிருந்து 250. கூட்டினால் கிட்டத்தட்ட அதே எண். அதாவது இந்தச் சின்ன மோட்டார், சைக்கிளில் போக முடியாத நாளைப் போகக்கூடிய நாளாக மாற்றும். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் மேட்டிலும் இதே கதைதான். இறங்கித் தள்ள வேண்டிய இடத்தில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உட்கார்ந்தபடியே ஏறலாம். எனக்கு வேண்டியிருந்தது இதுதான். எழுபதில் பறக்க ஆசைப்பட்டிருந்தால் பைக்கையே எடுத்துக்கொண்டு போயிருப்பேன், அது வீட்டில் நிற்கிறது.

இவ்வளவு கணக்குப் போட்டும் 1000 வாட் டேப்பை நான் மூடவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டலாமே என்று மனசு ஒரு ஓரத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது. மெதுவாக ஓட்டுவதற்காகப் பெரிய மோட்டார் வாங்கியவர் யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆவாரம்பாளையத்தில் ஒரு வைஸ்

சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டாரின் அச்சு வழக்கமான சைக்கிள் அச்சு மாதிரி முழு உருண்டையாக இருக்காது. 12 மில்லிமீட்டர் உருளையில் இரண்டு பக்கமும் சீவி, தட்டையாக 10 மில்லிமீட்டர் விட்டிருப்பார்கள். அந்தத் தட்டை முகங்கள்தான் ஃபோர்க்கின் வெட்டுக்குள் உட்கார்ந்து அச்சு சுற்றாமல் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிப்புக்கு உதவியாக டார்க் ஆர்ம் என்று ஓர் இரும்புப் பட்டை போடுவார்கள். கிட்டோடு வருவது தகரம் மாதிரி இருக்கிறது என்று படித்திருந்ததால், ஆவாரம்பாளையத்தில் தெரிந்த லேத் பட்டறையில் ஒன்று வெட்டி வாங்கலாம் என்று மோட்டார் வாங்குவதற்கு முன்பே போனேன். பம்ப்செட் உதிரிகள் கடைந்து கடைந்து வயதான அண்ணன் அவர். 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின் மோட்டார் செய்த ஊர் என்று நாம் பெருமை பேசிக்கொள்கிறோமே, அந்தப் பெருமையை இன்றைக்கும் கையில் எண்ணெய்யோடு தாங்கிக்கொண்டிருப்பவர்கள் இவரைப் போன்றவர்கள்தான்.

படத்தைப் பார்த்தார். "எத்தன வாட்டுங்க தம்பி?" என்றார். "இன்னும் முடிவு பண்ணலைங்ணா, 250 இல்லைன்னா 1000" என்றேன். ஒன்றும் சொல்லாமல் பழைய இரும்புக் குவியலில் துழாவி ஒரு சைக்கிள் ஃபோர்க்கை எடுத்தார். தகட்டை அடித்து மடித்த சாதாரண ஃபோர்க். அதை வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கினார். ஓர் அச்சுத் துண்டின் இரு பக்கத்தையும் சீவி, வெட்டுக்குள் வைத்து நட்டைப் போட்டு முறுக்கினார். அச்சின் மறுமுனையில் ஸ்பேனர், ஸ்பேனரில் ஒரு பைப். "புடிச்சு இழுங்க" என்றார். இழுத்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் எடை போட்டேன். வெட்டின் ஓரத்தில் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. அடுத்த இழுப்பில் வெட்டின் இரண்டு உதடும் விலகிக் கொடுத்தன, சத்தமே இல்லாமல். அச்சு கால் சுற்று சுற்றிவிட்டது. தட்டை முகத்தின் மூலைகள் உரசிய இடத்தில் இரும்பு வெள்ளையாகப் பளபளத்தது.

"மோட்டார் வீலச் சுத்துதுன்னுதான நெனைக்கறீங்க? அதே பலத்துல அச்சையும் எதிர்ப்பக்கமாச் சுத்துதுங்க. வீலுக்குச் சுத்த எடம் இருக்குது, அச்சுக்கு இல்ல. அதனால நமக்குத் தெரியறதில்ல, அவ்வளவுதான்" என்றார்.

நியூட்டனின் மூன்றாம் விதியைப் பரீட்சையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது பெயின்டை உதிர்க்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து எண்களை வைத்துப் பார்த்தால், 250 வாட் கியர் ஹப் மோட்டார் ஒன்றின் முறுக்கு விசை சுமார் 40 நியூட்டன் மீட்டர். ஒரு அடி ஸ்பேனரின் நுனியில் பதின்மூன்று கிலோ மூட்டையைத் தொங்கவிட்ட மாதிரி. கேட்க ஒன்றுமில்லாதது போல் இருக்கிறது. ஆனால் அதைத் தாங்க வேண்டிய தட்டை முகங்களின் மூலைகளுக்கு நடுவே ஏழு மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கே அதே முறுக்கு ஏறக்குறைய 600 கிலோ அழுத்தமாகிவிடும். இரண்டு பக்க ஃபோர்க்கும் பங்குபோட்டுக்கொண்டால் பக்கத்துக்கு 300. மோட்டார் பெரிதானால் இதுவும் பெரிதாகும். அச்சு ஒருமுறை சுற்றிவிட்டால் வீல் கழன்று ஓடும் ஆபத்து ஒருபுறம் இருக்க, மோட்டாரின் ஒயர்கள் அந்த அச்சின் துளை வழியாகத்தான் வெளியே வருகின்றன. முறுக்கிப் பிய்த்துக்கொண்டு ஷார்ட் ஆகிவிடும். வேகமான கிட்கள் சிலவற்றில் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும். கேட்க அருமையாக இருக்கும். அப்போது முறுக்கு திசை மாறுகிறது. முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி நட்டைத் தளர்த்த அதைவிட நல்ல வழி கிடையாது.

1000 வாட் டேப்பை அன்று இரவு மூடினேன். பயந்துகொண்டு என்று சொன்னாலும் தப்பில்லை. ஆனால் எனக்கு அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது ஒன்று உண்டு. 25 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும் 100 கிலோ வண்டியை நிறுத்துவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேலை 45-இல் வரும் அதே வண்டியை நிறுத்துவது. ஃபோர்க், ரிம், பிரேக் ஷூ, கிராங்க் என்று ஒவ்வொன்றையும் மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் சைக்கிளில் சைக்கிள் மிச்சமிருக்காது. தாங்குமா தாங்காதா என்று சோதிக்க என்னிடம் ஆய்வுக்கூடம் இல்லை, ஆவாரம்பாளையத்து வைஸ் ஒன்றுதான் இருக்கிறது. அந்த வைஸை வைத்து நான் பொறுப்பேற்கக்கூடிய எல்லை எது என்று பார்த்தால், அது மத்திய மோட்டார் வாகன விதிகள் போட்டிருக்கும் கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. 250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள். அதைத் தாண்டினால் அது மோட்டார் வாகனம். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும், வீட்டில் செய்த ஒற்றை வண்டிக்கு அவற்றை வாங்குவது நடைமுறையில் நடக்காத காரியம். யார் மேலாவது இடித்தால் நாமும் நம் வீடும்தான் இன்சூரன்ஸ். அதுவரை இந்த விதியை நான் அதிகாரிகளின் பிடிவாதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டார்க் ஆர்மை 6 மில்லிமீட்டர் தகட்டில் வெட்டிக் கொடுத்தார் அண்ணன். துளையை மட்டும் மெஷினில் முடிக்காமல் கடைசியில் அரத்தால் ராவி ராவிச் சரிபார்த்தார். கையால் தள்ளினால் இறங்கக் கூடாது, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால்தான் இறங்க வேண்டும், அதுதான் அளவு. காசு கொடுக்கும்போது, "இதுல எத்தன கிலோ வெச்சுக் கொண்டு போலாமுங்க?" என்று கேட்டார். வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நண்பனிடம் இந்த வைஸ் கதையைச் சொன்னேன். நன்றாகக் கேட்டுவிட்டு, தானும் ஒன்று செய்யப் போவதாகவும், முன் சக்கரத்தில் 1000 வாட் மாட்டப் போவதாகவும் சொன்னான். அவன் வைத்திருக்கும் சைக்கிளின் முன் ஃபோர்க் அலுமினியம். இரும்பு வளைந்து எச்சரிக்கும், அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

லெதராய்டு பேப்பர்

மற்ற வேலைகள் பெரும்பாலும் அலைச்சல்தான், அவற்றை விரிவாகச் சொல்லப் போவதில்லை. செகண்ட் ஹேண்டில் 26 அங்குல இரும்புச் சட்டம் ஒன்று கிடைத்தது, பின் ஃபோர்க் இடைவெளி 135 மில்லிமீட்டர், மோட்டார் நேராக உட்கார்ந்தது. ஹப் மோட்டாரின் விட்டம் பெரிது என்பதால் வழக்கமான ஸ்போக்ஸ் கம்பி நீளமாகிவிடும். கம்பியை வெட்டி மறுபடி மரை போட்டு, வீல் கட்டி, கோட்டம் எடுத்துக் கொடுத்தார் தெருமுனை சைக்கிள் கடைக்காரர். அந்தக் கலையை நான் கற்றுக்கொள்ள முயலவே இல்லை. எல்லாவற்றையும் நாமே செய்தால்தான் சொந்தமாகச் செய்தது என்ற வீம்பு எனக்குக் கிடையாது.

பேட்டரியில் மட்டும் நிறைய நாள் செலவழித்தேன். 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததும், அதன் பிறகு பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதிகள் இறுகியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். மொபைலிலும் லேப்டாப்பிலும் வருகிற வகை செல் எடை குறைவு, ஆனால் சூடு எல்லை மீறினால் அதன் உள்ளே இருக்கும் ஆக்சிஜனே தீக்குத் துணை போகும். இரும்பு பாஸ்பேட் வகையில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கிறது, அவ்வளவு எளிதில் வெளியே வராது. இந்த வகைக்கு வழிவிட்ட ஆராய்ச்சியில் நம் ஊர்க்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. தென் தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற கிராமத்தில் பிறந்து மதுரையில் படித்த ஆறுமுகம் மந்திரம்தான் அவர். சல்பேட் மாதிரியான தொகுதிகளைச் சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தே நல்ல வோல்டேஜ் வாங்கலாம் என்ற வழியை 1980-களில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடினஃப்போடு சேர்ந்து காட்டினார். அந்த வழியில் 1997-இல் வந்ததுதான் இரும்பு பாஸ்பேட். 2019-இல் குடினஃப் நோபல் பரிசு பெற்றபோது அவருக்காக ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவரும் மந்திரம்தான். மாவட்டத்துக்கு ஒரு சினிமா நட்சத்திரத்தைத் தெரிந்து வைத்திருக்கும் நமக்கு இவர் பெயர் தெரியாமல் இருப்பது என் தனிப்பட்ட வருத்தம்.

நான் எடுத்தது 32 மில்லிமீட்டர் தடிமனான 6 ஆம்பியர்மணி இரும்பு பாஸ்பேட் செல்கள். தொடரில் 12, ஒவ்வொன்றும் இரட்டையாக, ஆக 24 செல். 38.4 வோல்ட், 12 ஆம்பியர்மணி, சுமார் 460 வாட்மணி. எடை செல்களுக்கு மட்டும் மூன்றரைக் கிலோ அளவுக்கு வரும். மற்ற வகையில் செய்திருந்தால் ஒரு கிலோ குறைந்திருக்கும், ஆனால் 25-இல் போகிற வண்டிக்கு ஒரு கிலோ ஒரு பொருட்டா? மெதுவாகப் போவது என்று முடிவெடுத்தால் இந்த மாதிரிச் சலுகைகள் ஒவ்வொன்றாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்ய மெஷின் வைத்திருக்கும் கடைக்குப் போனேன். செல்லின் பாசிட்டிவ் முனையைச் சுற்றிப் போடும் இன்சுலேஷன் வளையம் அங்கே தீர்ந்துபோயிருந்தது. மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டால், ஸ்லாட்டுக்குள் வைக்கும் லெதராய்டு பேப்பரை நீட்டி, "இதே வேலைதாங்க இதுவும் செய்யுது" என்றார்கள். வளையம் வளையமாகக் கத்தரித்து ஒட்டினேன்.

பேட்டரியில் பயமே, செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் சர்க்யூட்டின் ஒயர்கள்தான். 12 செல் தொடருக்கு 13 மெல்லிய ஒயர்கள், வரிசை தப்பாமல் போக வேண்டும். பிளக்கைச் சொருகும் முன் மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையை முதல் பின்னில் வைத்துக்கொண்டு சிவப்பை ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். 3.3, 6.6, 9.9, 13.2 என்று ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் 39.6-இல் நின்றது. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பேனர் பிடிகளுக்கெல்லாம் டேப் சுற்றிவிட்டு உட்கார்ந்த என்னைப் பார்த்து, "என்னடா பூஜைக்கு உக்கார்ற மாதிரி உக்கார்ந்திருக்க" என்றாள் அம்மா. செல்களைப் பற்றி நன்றாகத் தெரியாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் செய்யாமல், சோதித்துச் சான்று பெற்ற பேட்டரியை வாங்கிவிடுவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம். முழுச் சார்ஜுக்கு அரை யூனிட் சொச்சம் ஆகிறது. வீட்டு மின்சாரத்தில் கொஞ்சம் யூனிட் இலவசமாகவே வரும் ஊரில் அதைச் செலவுக் கணக்கில் எழுதக் கை வரவில்லை.

மோட்டாரை இணைத்த அன்று காயில் கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். மூன்று ஒயரில் இரண்டை மாற்றினால் தலைகீழாகச் சுற்றும் என்பது த்ரீ பேஸ் பம்ப் மோட்டாரில் அவர் வாழ்நாள் அனுபவம். இதிலோ மூன்று பேஸ் ஒயர்கள் போக, மோட்டார் எந்த நிலையில் சுற்றி நிற்கிறது என்று சொல்லும் ஹால் சென்சார் ஒயர்கள் மூன்று தனியாக உண்டு. ஒரே நிறத்தோடு ஒரே நிறத்தைச் சேர்த்தால் ஓட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மொத்தம் 36 வகையாக மாற்றிச் சேர்க்கலாம், அதில் ஒழுங்காக ஓடுவது ஆறுதான், அந்த ஆறிலும் மூன்று பின்னோக்கி. சில சேர்க்கைகளில் வீல் உறுமிக்கொண்டு ஒரே இடத்தில் நடுங்கும். சரியான சேர்க்கை விழுந்ததும் உறுமல் சட்டென்று அடங்கி வெறும் விசிறிச் சத்தம் மாதிரி ஆனது. "பரவால்லயே, இதுவும் நம்ம மோட்டாருக்குச் சொந்தக்காரந்தான்" என்றார்.

இன்னும் தீராத ஒன்று

ஓட்டிப் பழகிய பிறகு எனக்கு இருக்கும் ஒரே குறை பெடல் சென்சார். என் கிட்டில் வந்தது காந்த வில்லை வகை. பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நான் முக்கி மிதிக்கிறேனா, சும்மா காலைச் சுழற்றுகிறேனா என்று தெரியாது. காலைச் சும்மா சுழற்றினாலே மோட்டார் முழு வேலையையும் எடுத்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் நாமும் சோம்பேறியாகிவிடுவோம். அதற்குத்தான் டார்க் சென்சார். பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்று அளந்து, அதற்கு ஏற்ற அளவில் மோட்டாரைக் கொடுக்கும். காற்றில் நாம் முக்கும்போது அதுவும் முக்கும், இறக்கத்தில் நாம் ஓய்ந்தால் அதுவும் ஓயும். 75 வாட் ஆளுக்குப் பக்கத்தில் நின்று துணை செய்வது என்றால் எனக்கு அதுதான் அர்த்தம்.

சென்சார் வாங்கி வந்தாயிற்று. அதைப் பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட்டில் உட்கார வைக்க வேண்டும், அதற்குப் பழைய கப் இரண்டையும் கழற்ற வேண்டும். இடது பக்கம் வந்துவிட்டது. வலது பக்கத்துக்கு மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருகினால்தான் கழலும், அது தெரிந்தே திருகியும் அசையவில்லை. பழைய சட்டம், எத்தனை மழையில் நனைந்ததோ. மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். அதற்கும் மசியாவிட்டால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஆவாரம்பாளையம் போக வேண்டியதுதான், அண்ணன் சூடு காட்டிக் கழற்றிவிடுவார். அதுவரை பழைய சென்சார்தான்.